மூட்டு மாற்றியாச்சு, இனி நடப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களும் அவர்களின் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு எலும்பு மூட்டு மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. கேள்விகள் கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்தவை. இங்கே சொல்லியிருக்கும் வாரக் கணக்கு, சிக்கல் ஏதுமில்லாமல் முதல் முறையாக மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கானது. மாற்றிய மூட்டையே மறுபடி மாற்றியவர்களும் எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் தங்கள் டாக்டர் சொன்ன கணக்கையே வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு வயது 67. ஓய்வுபெற்ற ஆசிரியர். வலது முழங்காலில் மூட்டு மாற்றி ஐந்து வாரம் ஆகிறது. 85 டிகிரி மடங்குகிறது என்றார்கள். இது போதுமா? கொஞ்சம் நடந்தாலே தொடை சோர்ந்துபோகிறது.
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

மடங்கும் அளவை எழுதியிருக்கிறீர்கள். கால் எவ்வளவு நீள்கிறது என்று எழுதவில்லை. உங்கள் தொடை சோர்வதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கட்டிலில் மல்லாந்து படுத்துக் காலை நீட்டுங்கள். முட்டிக்கு அடியில் உள்ளங்கையை நுழைக்கப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் கால் இன்னும் முழுசாக நீளவில்லை என்று பொருள். ஐந்து பத்து டிகிரி குறைந்தாலும் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் தொடையின் முன்பக்கத் தசை இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டியிருக்கும். முட்டி நேரானால் உடம்பின் எடை எலும்பின் மேல் இறங்கிவிடும், தசைக்கு ஓய்வு கிடைக்கும். இது கெட்டுப்போக முதல் காரணம், வலிக்கு இதமாக இருக்கிறதென்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது. அதை இன்றிரவே எடுத்துவிடுங்கள். வைப்பதென்றால் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் கொடுத்து, முட்டி அந்தரத்தில் தொங்கும்படி பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. அப்படி இருக்கும்போதே முட்டியைக் கட்டிலை நோக்கி அழுத்தி ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு.

இப்போது மடக்குவது. எந்த வேலைக்கு எவ்வளவு மடங்க வேண்டும் என்று தெரிந்தால் உங்களுக்கே கணக்குப் புரியும். சமதளத்தில் நடக்க 65 முதல் 70 டிகிரி போதும். படி ஏற 85 வாக்கில் வேண்டும். இறங்க 90 முதல் 100. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ 95க்கு மேல். சைக்கிள் பெடல் ஒரு சுற்று முழுதாகச் சுற்ற 105 முதல் 110. தரையில் குத்தவைத்து உட்கார 130க்கும் மேல். உங்கள் 85 நடப்பதற்குப் போதும், நாற்காலியிலிருந்து தானாக எழப் போதாது.

ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வழுவழுப்பான தரையில் காலுக்கு அடியில் ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். குதிகாலைத் தரையிலேயே தேய்த்தபடி பின்னால் இழுங்கள். இனி வராது என்கிற இடத்தில் பத்து விநாடி நிறுத்துங்கள். அப்புறம் பாதத்தை அங்கேயே ஊன்றி வைத்து, இடுப்பை நாற்காலியின் விளிம்புக்கு நகர்த்துங்கள்; முட்டி இன்னும் சில டிகிரி மடங்கும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு நான்கு வேளை. கட்டைவிரல் நுனி நின்ற இடத்தில் தரையில் ஒரு டேப் ஒட்டி வையுங்கள். நாற்காலியை நகர்த்தாமல் வாரம் ஒருமுறை பாருங்கள், டேப் பின்னால் போகிறதா என்று. வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் போடுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் என்று மாத்திரையை ஒதுக்குகிறவர்கள் பயிற்சியையும் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

ஆறு வாரத்தில் 90 தாண்டவில்லை என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். உள்ளே தழும்புத் திசு இறுகிக்கொண்டிருக்கும். மயக்க மருந்து கொடுத்து முட்டியை மடக்கி விடுவது ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் நல்ல பலன் தரும். மூன்று மாதம் தாண்டிவிட்டால் தழும்பு கெட்டியாகி, அந்த வழி குறுகிவிடும்.

இன்னொன்று. வீங்கிய முட்டிக்குள் நீர் கோத்திருக்கும்போது, தொடைத் தசைக்குப் போகிற நரம்புக் கட்டளையே மட்டுப்படும். எவ்வளவு முயன்றாலும் தசை முழு வேகத்தில் இறுகாது. ஆகவே வீக்கத்தைக் குறைப்பதும் ஒரு தசைப் பயிற்சிதான். துண்டில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை வையுங்கள். நேரடியாகத் தோலில் வைக்க வேண்டாம். ஆபரேஷன் முட்டியைச் சுற்றி உணர்ச்சி குறைவாக இருப்பதால் தோல் புண்ணாவது தெரியாமலே போய்விடும். காலையில் எழுந்ததும் முட்டி முந்தின நாள் காலையைவிடப் பெரிதாக இருந்தால், நேற்று நடந்தது அதிகம். அன்றைக்குப் பாதியாகக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலை செய்கிறேன். வயது 56. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் இத்தனை வருஷமும் வேலை. இடது மூட்டு மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. எப்போது வேலைக்குப் போகலாம்? திரும்பத் தரையில் உட்கார முடியுமா?
– ஒரு வாசகி, பண்ருட்டி

அம்மா, வேலைக்குப் போகலாம். தரையில் உட்கார்ந்து செய்கிற வேலையாக அது இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் பதில்.

மாற்றிய மூட்டில் மேலே தொடை எலும்பின் முனையில் ஒரு உலோக உறை, கீழே உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக். பெரும்பாலானவர்களுக்கு இந்த மூட்டு 110 முதல் 125 டிகிரி வரை மடங்கும். ஆபரேஷனுக்கு முன்னால் உங்கள் முட்டி எவ்வளவு மடங்கியதோ, அதுதான் பின்னால் எவ்வளவு மடங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. சம்மணத்துக்கும் குத்தவைப்பதற்கும் தேவையான அளவு சிலருக்கு வருகிறது, வந்தாலும் அந்த ஆழத்தில் எடை முழுதும் பிளாஸ்டிக்கின் பின்விளிம்பில் ஏறுகிறது. விசேஷ வீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுவதற்கும், நாளைக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்து கொட்டை தட்டுவதற்கும் தேய்மானத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. உட்காரவே கூடாதா, எப்போதாவது உட்காரலாமா என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். பொருத்திய மூட்டின் வகையைப் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும்.

வேலை இடத்தை இப்படி மாற்றுங்கள். 18 முதல் 20 அங்குல உயர ஸ்டூல் அல்லது பெஞ்சு. உட்கார்ந்தால் இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். தட்டுகிற கல்லை ஆடாத மேஜை மேல் ஏற்றுங்கள். முழங்கை மட்டத்துக்குச் சற்றுக் கீழே கல் இருந்தால் தோள் வலிக்காது. மேஜைக்கு அடியில் கால் நீட்ட இடம் விடுங்கள், பலகை அடித்து மூடிவிடக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தபடி பத்து முறை காலை நீட்டி மடக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். விட்டால் மாலைக்குள் முட்டி இறுகிப்போகும்.

தோல் உரிப்பது, தரம் பிரிப்பது ஆகியவற்றை மேஜையில் வைத்து இப்போதே இரண்டு மூன்று மணி நேரம் செய்து பார்க்கலாம். உடைக்கிற வேலைக்கு மூன்று மாதம் ஆகட்டும். கால்மிதி வைத்த மெஷின் என்றால் ஆபரேஷன் செய்யாத வலது காலால் மிதியுங்கள். மூட்டை தூக்குவதை மட்டும் அடியோடு விடுங்கள். பச்சைக் கொட்டை மூட்டை 80 கிலோ வரும். அதைத் தூக்கித் திரும்பும்போது முட்டிக்கு வருகிற முறுக்கு எந்த மூட்டுக்கும் ஆகாது.

முந்திரி வேலைக்கே உரிய ஒரு ஆபத்து, கொட்டைத் தோட்டிலிருந்து வருகிற எண்ணெய். கையில் பட்டால் வெந்துபோவது உங்களுக்குத் தெரியும். புதுத் தழும்பின் மேல் தெறித்தால் தோல் கொப்புளித்து, அந்த வழியாகக் கிருமி உள்ளே போகும். மடியில் தடித்த துணியோ ரெக்சின் ஏப்ரனோ போட்டு முட்டியை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

வீட்டிலும் அதே கணக்கு. அரிவாள்மணைக்குப் பதில் மேடையில் பலகையும் கத்தியும், நீளப் பிடி வைத்த துடைப்பம், வெஸ்டர்ன் டாய்லெட். டாய்லெட் கட்ட இடமில்லை என்றால் நடுவில் துளை வைத்த கமோடு நாற்காலியை இந்தியன் டாய்லெட்டின் மேலேயே போட்டுக்கொள்ளலாம். நான்கு கால்களிலும் ரப்பர் மூடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஈரத் தரையில் அது இல்லாமல் வழுக்கும்.

எதிர்பாராமல் தரையில் விழுந்துவிட்டால் எழத் தெரிந்திருக்க வேண்டும். நான்கு காலாகத் திரும்பி, கட்டிலோ கனமான நாற்காலியோ இருக்கும் இடத்துக்கு நகருங்கள். இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றி, பலமான காலை முன்னால் கொண்டுவந்து பாதத்தைப் பதித்து, அந்தக் காலால் எழுங்கள். தழும்பு ஆறிய பிறகு, முட்டிக்குக் கீழே தலையணை போட்டு, பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு ஒருமுறை பழகிவையுங்கள். மண்டியிடும்போது குத்துவதுபோல் இருக்கும். மூட்டு அதனால் கெட்டுவிடாது.

புதுச்சேரி பீச் ரோட்டில் தினமும் நடப்பவன். ஞாயிற்றுக்கிழமை பெத்தாங் (இரும்புக் குண்டு வீசும் ஆட்டம்) ஆடுவேன். மூட்டு மாற்றி மூன்று மாதம். இரண்டையும் தொடங்கலாமா?
– ஒரு வாசகர், குருசுக்குப்பம்

இரண்டுமே உங்களுக்கு நல்லவை. பெத்தாங்கைப் பற்றிச் சொன்னால் மகிழ்வீர்கள்: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் பிரான்சின் லா சியோத்தாவில் அந்த ஆட்டம் உருவானதே, மூட்டுவாதத்தால் ஓடிவந்து குண்டு வீச முடியாமல்போன ஒருவருக்காகத்தான். வட்டத்துக்குள் இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க, ஓடாமல் குதிக்காமல் வீசுகிற ஆட்டம். மாற்றிய மூட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது அரிது.

கெடுப்பது வீசுவது அல்ல, குனிந்து குண்டை எடுப்பது. ஒரு குண்டு 650 முதல் 800 கிராம். ஒரு ஆட்டத்தில் பலமுறை குனிந்து எடுத்தால் முட்டியும் இடுப்பும் சேர்ந்து வாங்கும். கயிற்றில் கட்டிய காந்தம் வைத்து நின்றபடியே எடுங்கள். குத்தவைத்து வீசுகிற பழக்கம் இருந்தால் நின்று வீசுவதற்கு மாறிக்கொள்ளுங்கள். சரளைத் தரையில் பாதம் பதிந்திருக்க உடம்பை மட்டும் திருப்பினால் முட்டி முறுகும். திரும்பும்போது பாதத்தையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

பீச் ரோடு நடைக்கு ஏற்ற இடம். சமதளம், உட்கார இடமுண்டு, மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை வண்டிகள் வராது. இதுவரை வீட்டுக்குள் மட்டும் நடந்திருந்தால் முதல் வாரம் போக ஐந்து நிமிடம், வர ஐந்து நிமிடம். மறுநாள் வீக்கம் ஏறாவிட்டால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஊன்றுகோல் இன்னும் தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்த காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரை அதன் உயரம் வரவேண்டும். நொண்டிக்கொண்டு கோலில்லாமல் நடப்பதைவிட, கோலோடு நேராக நடப்பது நல்லது. நொண்டுவது பழகிவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

மணலில் நடப்பதைத் தள்ளிப்போடுங்கள். தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையாக இருந்தாலும் சரி, காலாப்பட்டு மணலாக இருந்தாலும் சரி, பாதம் புதைந்து ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு பக்கமாகச் சாயும். நான்கைந்து மாதம் கழித்து, நீர் பட்டு இறுகிய ஈர மணலில் தொடங்குங்கள். அலையில் நிற்பதும் அப்படித்தான்: பின்வாங்கும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும்போது முட்டி திடீரென்று முறுகும்.

இடது முட்டி மாற்றி ஏழு வாரம். ஸ்கூட்டி ஓட்டலாமா? பஸ்ஸில் புதுச்சேரி போய்வரலாமா?
– ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

கியர் இல்லாத வண்டிக்கு இரண்டு பிரேக்கும் கையில் இருப்பதால், சோதனை கால் ஊன்றுவதில்தான் இருக்கிறது. வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஏறி உட்கார்ந்து, இடப்பக்கம் சாய்த்து இடது காலால் மட்டும் தாங்கிப் பாருங்கள். வலியோ நடுக்கமோ இல்லாமல் தாங்க வேண்டும். கோல் இல்லாமல் நொண்டாமல் நடக்க வேண்டும். மயக்கம் தருகிற வலி மாத்திரைகளை நிறுத்தியிருக்க வேண்டும். மூன்றும் சரியென்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தெருவுக்குள் தொடங்குங்கள். பலருக்கு இது எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் கைகூடும். கிக்கர் உதைப்பதும், வண்டியைத் தூக்கி சென்டர் ஸ்டாண்டு போடுவதும் ஆறு மாதத்துக்கு வேண்டாம். வண்டியைத் தூக்கும்போது ஒரு காலால் மிதித்தபடி முட்டி முறுக்கப்படுகிறது.

பஸ்ஸில் படி உயரம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். ஓட்டுநருக்குக் கேட்கும்படி சொல்லி, வண்டி நின்ற பிறகே காலை வையுங்கள். நடைபாதை ஓர சீட்டில் காலை நீட்டி வைக்க இடம் கிடைக்கும்.

திருவந்திபுரம் ஔஷதகிரியில் ஹயக்ரீவரைச் சேவிக்க 74 படி ஏறுவதாக வேண்டுதல். எத்தனை மாதம் கழித்துப் போகலாம்?
– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் தயாராக வேண்டும். மூட்டுக்குள்ளேயே அளவுக் கருவி பொருத்தி ஜெர்மனியில் செய்த ஆய்வில், சமதளத்தில் நடக்கும்போது உடம்பு எடையைப் போல் இரண்டரை மடங்கு சுமை முட்டியில் விழுந்தது. படி ஏறும்போது மூன்று மடங்குக்கு மேல், இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. 70 கிலோ எடை உள்ளவருக்கு இறங்குகிற ஒவ்வொரு படியிலும் 240 கிலோ.

முதலில் வீட்டில் ஒரு நான்கு அங்குலப் பலகை போட்டு, அதன் மேல் ஆபரேஷன் காலை வைத்து நின்று, மறு கால் குதிகாலைத் தரையைத் தொடும் அளவுக்கு மெல்ல இறக்கி ஏற்றுங்கள். முட்டி உட்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும். தொடர்ந்து பத்து முறை வந்தால் ஆறு அங்குலம். அதுவும் வந்த பிறகு வீட்டு மாடிப்படியில் ஒரு கால் விட்டு ஒரு கால் வைத்து இறங்கப் பழகுங்கள். ஒரே மாடியை நான்கு தடவை ஏறி இறங்கி, மறுநாள் முட்டி வீங்கவில்லை என்றால் மலைக்குப் போகலாம். நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும். வெயில் சுடாத காலை நேரத்தில் போங்கள். சுடுகிற படியில் வெறுங்காலோடு வேகமாக இறங்கினால் அடி தவறும். நடுவில் நின்று மூச்சு வாங்குவதால் வேண்டுதலுக்குக் குறைவில்லை.

அம்மாவுக்கு 70 வயது, சர்க்கரை நோய். இரண்டு முட்டியும் மாற்றிப் பன்னிரண்டு நாள். வலது கெண்டைக்கால் வீங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டில் எண்ணெய் தேய்த்து உருவிவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகி, லாஸ்பேட்டை

வேண்டவே வேண்டாம். இந்தக் கடிதம் எங்கள் கையில் கிடைத்ததும் உங்களுக்குத் தனியாகச் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு காலும் ஓரளவு வீங்குவது இயல்பு, காலை உயர்த்தி வைத்தால் காலைக்குள் வடியும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைச் சதை கல்லாகி, அழுத்தினால் வலித்தால், ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். உருவிவிட்டால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கும். அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்க்க வேண்டும். மூச்சு இறைத்தாலோ நெஞ்சு வலித்தாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108க்குச் சொல்லுங்கள். உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையையோ ஊசியையோ, எழுதிய நாள் வரை முடிக்க வேண்டும்; நன்றாக நடக்கிறார் என்று நிறுத்திவிடக் கூடாது. கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவதை விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் இருபது முறை செய்யச் சொல்லுங்கள். கெண்டைத் தசை இறுகும்போது தேங்கிய ரத்தம் மேலே தள்ளப்படும்.

சர்க்கரை இருப்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். தையலிலிருந்து ஒரு வாரத்துக்குப் பிறகும் நீர் கசிந்தால், சிவப்பு பரவினால், குறைந்துகொண்டு வந்த வலி மறுபடி ஏறினால், காய்ச்சல் 100.4 தாண்டினால் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள். மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள். அரைகுறையாகப் போட்ட மருந்து, முட்டி நீரை எடுத்துச் சோதிக்கும்போது எந்தக் கிருமி என்று தெரியாதபடி மறைத்துவிடும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் முட்டியைத் திறந்து கழுவி, பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றி மூட்டைக் காப்பாற்றப் பெரும்பாலும் வழி உண்டு. நாள் போனால் மூட்டையே கழற்ற வேண்டிவரும். அது அம்மாவுக்கு முதல் ஆபரேஷனைவிடக் கடினமானது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலில் தண்ணீர் நிற்கும் வீடுகளில், பாத விரலிடுக்குச் சேற்றுப்புண்ணும் குதிகால் வெடிப்பும் அசட்டை செய்யக் கூடாதவை. அந்தப் புண் வழியே ரத்தத்தில் ஏறும் கிருமி, பல வருடம் கழித்தும் மாற்றிய மூட்டில் போய் உட்காரலாம். தினமும் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள்.

சுருக்கமான சில பதில்கள்

நடக்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வருவதாகப் பலர் கேட்டிருக்கிறீர்கள். உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டு விலகுகிற ஒலி அது. வலியோ வீக்கமோ சேர்ந்து வராத வரை கவலை வேண்டாம்.

தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போயிருப்பது, தோலுக்குப் போகும் சிறு நரம்பு வெட்டுப்பட்டதால். பரப்பு மெல்லச் சுருங்கும், சிலருக்கு ஒரு பகுதி அப்படியே நின்றுவிடும். நடையை அது பாதிக்காது.

முட்டி தொட்டால் சூடாக இருக்கிறது என்கிற வில்லியனூர் வாசகருக்கு: மூன்று முதல் ஆறு மாதம் வரை மற்ற முட்டியைவிடச் சூடாக இருப்பது ஆறுகிற வேலையின் அடையாளம். சிவப்போ காய்ச்சலோ, மறுபடி ஏறும் வலியோ, தையலில் நீர்க் கசிவோ சேர்ந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பல் பிடுங்கப் போகிறவர்கள் மூட்டு மாற்றியிருப்பதைப் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் கத்தும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் கையால் சோதித்து அனுப்புவார்கள்.

ஷட்டில் ஆடலாமா என்று நெய்வேலியிலிருந்து ஒருவர் கேட்கிறார். முன்பே ஆடிப் பழகியவர் என்றால் ஆறு மாதத்துக்குப் பிறகு இரட்டையர் ஆட்டம், குதித்து அடிக்காமல். ஓட்டமும் ஸ்கிப்பிங்கும் வேண்டாம்.

எத்தனை வருடம் தாங்கும்? 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, முழு மூட்டு மாற்றியவர்களில் 100க்கு 82 பேருக்கு 25 வருடம் வரை அதே மூட்டு நிற்கிறது என்று கணித்தது. பிளாஸ்டிக் தேய்வதும், உலோகத்தைப் பிடித்திருக்கும் எலும்பு தளர்வதும் தொடக்கத்தில் வலியே தராமல் நடக்கக்கூடியவை. அதனால் நன்றாக நடக்கிறவர்களும் முதல் வருடம் முடிந்ததும் ஒரு எக்ஸ்ரே, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஒவ்வொன்று எடுக்க வேண்டும். பழைய படங்களைத் தூக்கிப்போடாமல் ஒவ்வொரு முறையும் எடுத்துப் போங்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும்.